தண்ணீர் படாத சிவப்பு

புனே
12-8-2009

மதினிக்கு,

சத்யபிரியா எழுதுவது. கவரின் மேலேயே என் பெயரைப் பார்த்திருப்பீர்கள். கிழித்துப் போடாமல் இதுவரை வந்திருந்தால் மீதியையும் படித்துவிடுங்கள்.

இரண்டு வருடமாக நான் போன் செய்யும்போதெல்லாம் அண்ணன் உங்களைக் கூப்பிட்டுப் பார்க்கிறார். "மதினி அடுப்படியில இருக்கா", "மதினி மிஷின்ல இருக்கா" என்று அவரும் சலிக்காமல் பொய் சொல்கிறார். போன வாரம் ஒரு காரியம் கேட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது, அவளுக்கே எழுது. போனை நீட்டுனா வாங்க மாட்டா, காகிதம்னா கண்ணுல படத்தானே செய்யும்" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிச்சயத்துக்கு முதல் நாள் ரயில் ஏறியதற்கு மன்னிப்புக் கேட்டு நான் எழுதவில்லை. உங்கள் தம்பி மதன்குமாரிடம் ஒரு குறையும் இல்லை. நர்சிங் படித்தேன், நர்ஸ் வேலைக்குப் போகிறேன் என்றேன். கல்யாணத்துக்குப் பிறகு வேலை எதற்கு என்று இரண்டு வீட்டிலும் சொன்னீர்கள். இன்றைக்கு அப்படிச் சொன்னாலும் இன்றைக்கும் ரயில் ஏறுவேன். நான் போன அன்று நீங்கள் சொன்னது எனக்கு வந்து சேர்ந்தது. "ஒரு வருசம் பாருங்க, மூட்டைமுடிச்சோட வந்து வாசல்ல நிப்பா." இரண்டு வருடம் ஆகிவிட்டது மதினி.

இப்போது விஷயம். இங்கே பன்றிக் காய்ச்சல் பரவிக் கிடக்கிறது, டிவியில் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடம், தியேட்டர் எல்லாம் மூடிவிட்டார்கள். ஊரே மாஸ்க்குக்கு அலைகிறது. மருந்துக்கடைகளில் இல்லை என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். நான் வேலை செய்யும் நர்சிங் ஹோமுக்கு வருகிற மாஸ்க் எல்லாம் டாக்டர்களுக்கும், இந்தக் காய்ச்சலுக்கென்று மேல்மாடியில் ஒதுக்கிய வார்டுக்கும் போகிறது. கீழே பொது வார்டில் இருக்கும் எங்களுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் காய்ச்சலோடு வருகிறவர் முதலில் வந்து படுப்பது எங்களிடம்தான். இருமுவதும் எங்கள் முகத்தில்தான்.

மேனேஜரிடம் கேட்டோம். நர்சுகள் வாயைக் கட்டிக்கொண்டு நின்றால் நோயாளிகள் பயந்து வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்களாம். சொந்தமாக வாங்கிக் கட்டினாலும் கூடாதாம். கட்டுப் போடுகிற துணியில் நானே கையால் ஒன்று தைத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சாமானைத் திருடுகிறாயா என்று கத்தினார்கள். தெருமுனைத் தையல்காரரோ என் நர்ஸ் உடுப்பைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டார்.

எங்கள் வார்டைக் கூட்டித் துடைக்கும் கமர்ஜஹானுக்கு இப்போது ஏழு மாதம். துப்பட்டா நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு தரை துடைக்கிறாள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் தாங்காது என்று டாக்டர்கள் பேசிக்கொள்கிறார்கள், அவள் காதுபடவே.

நாற்பது மாஸ்க் தைத்து அனுப்புவீர்களா? மூன்று மடிப்பு வேண்டும். உள்பக்கம் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து வையுங்கள், பலமுறை துவைத்த துணி மூச்சுக்கு இதமாக இருக்கும். எலாஸ்டிக் வேண்டாம், கட்டுகிற நாடா போதும். அளவைப் பின்பக்கம் வரைந்திருக்கிறேன். துணி மாஸ்க் டாக்டர்கள் கட்டுவதற்கு ஈடாகாது என்று எனக்கும் தெரியும். துப்பட்டா நுனிக்கு அது மேல்.

உங்களைத் தவிர எனக்கு வேறு தையல்காரி யாரையும் தெரியாது.

சத்யபிரியா


சின்னாளபட்டி
17-8-2009

நாத்தனார் சத்யபிரியாவுக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். உன் அண்ணன் எதிரில் நின்று, நான் கிழிப்பேன் என்று காத்துக்கொண்டிருந்தார். அவர் நினைத்தபடி ஏன் நடக்க வேண்டும் என்று படித்தேன்.

போனில் ஏன் பேசுவதில்லை என்றால், உன் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வந்துவிடும். அழுதுகொண்டே ஒருத்தியைத் திட்ட முடியாது. உன்னைத் திட்டாமல் விடவும் முடியாது. ஆகையால் காகிதம்தான் சரி.

நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், வைத்துக்கொள். ஆனால் நான் சொல்வதைக் கேள். விடிந்தால் நிச்சயம். என் அப்பா வீட்டில் விருந்துக்கு வெல்லம் நுணுக்கிக்கொண்டிருக்கிறார்கள். நீ, "திண்டுக்கல்லுல மருதாணி வாங்கிட்டு செத்த நேரத்துல வாரேன் மதினி" என்று டவுன் பஸ் ஏறினாய். மருதாணியும் வரவில்லை, நீயும் வரவில்லை. பெண்ணைக் காணோம் என்று மாப்பிள்ளை வீட்டில் போய்ச் சொல்வதற்கு எல்லோரும் யாரை அனுப்பினார்கள் தெரியுமா? என்னைத்தான். உன் வீட்டு மருமகள், அந்த வீட்டு மகள், எனக்குத்தானே இரண்டு வாசலும் தெரியும். என் அம்மா என் முகத்தைப் பார்க்காமல் வெல்லத்தை எடுத்து மூடி வைத்தாள். கல்யாணம் வேண்டாம் என்று நீ நினைத்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உனக்குத் தலை பின்னிவிட்ட கை இது.

மாஸ்க் தைக்க மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஏழு மாதக்காரி துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு தரை துடைக்கிறாள் என்று எழுதினாய் பார், அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. நீ கெட்டிக்காரி. எங்கே என்ன எழுத வேண்டும் என்று தெரிந்துதான் எழுதுகிறாய்.

கடையில் கிடைத்தால் வாங்கி அனுப்பிவிட்டு உன் சகவாசத்தை முடித்துக்கொள்ளலாம் என்று திண்டுக்கல் போனேன். பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள மருந்துக்கடை எல்லாம் ஏறி இறங்கினேன். ஒருவர், "வந்த சரக்கு பூராம் மெட்ராஸ் போயிருச்சுக்கா" என்றார். இன்னொருவர் ஒன்றை எடுத்துக் காட்டி விலை சொன்னார். "ஏன்யா, இதென்ன ஜரிகை வச்சதா?" என்று கேட்டுவிட்டு இறங்கி வந்தேன். பன்றிக்கறி தின்றால்தான் இந்தக் காய்ச்சல் வரும் என்று இங்கே பேச்சு. அதனால் பிரியாணிக் கடை வாசலில் கூட்டம் ஒன்றும் குறையவில்லை.

துணி என் தம்பியின் சாயப்பட்டறையில் எடுத்தது. சுங்குடிச் சேலைக்கான பருத்தி, அரக்குச் சிவப்பு. உள்ளே பழைய வேட்டித் துணி வைக்கச் சொன்னாய். அதை நான் செய்யவில்லை, காரணம் கேட்காதே. மூன்று மடிப்பும் புதுத்துணி, ஒரு சொட்டுத் தண்ணீர் படாதது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் மஞ்சள் தடவியிருக்கிறேன். மஞ்சள் வைக்காமல் புதுத்துணியைக் கொடுக்க எனக்குக் கை வராது. கோபம் வேறு, மஞ்சள் வேறு.

பார்சல் கொரியரில் வருகிறது. அந்தப் பெண்ணுக்குத் தலைப்பிரசவமா?

மகேஸ்வரி


புனே
23-8-2009

மதினி,

என்ன காரியம் செய்துவிட்டீர்கள்!

பார்சல் வந்ததும் சந்தோஷமாகத்தான் பிரித்தேன். புதுச்சேலைக் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியதும் நம் தெருவே வந்துவிட்ட மாதிரி இருந்தது. கமர்ஜஹான் மஞ்சளைத் தொட்டுப் பார்த்து, இது மருந்தா என்று இந்தியில் கேட்டாள். எங்கள் ஊரில் புதுத்துணிக்கு இப்படி வைப்போம், கட்டிக்கொள்கிறவள் நன்றாக இருக்க வேண்டும் என்று அர்த்தம் என்றேன். அதைக் கண்ணில் ஒற்றிவிட்டுக் கட்டிக்கொண்டாள். ஆமாம், தலைப்பிரசவம்தான்.

மேனேஜர் ரவுண்ட்ஸ் வரும்போது அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொள்வது, அவர் போனதும் திரும்பக் கட்டுவது என்று பேசி வைத்தோம். இங்கே மழைக்காலம், வார்டுக்குள் புழுக்கம் தாங்காது. மூச்சுக்காற்றும் வியர்வையுமாகக் காலை முழுக்கக் கட்டியிருந்தோம். அவர் வருகிற சத்தம் கேட்டதும் அவிழ்த்துச் செருகிவிட்டு யோக்கியமாக வரிசையில் நின்றோம்.

அவர் முதலில் நின்றவளைப் பார்த்தார். அடுத்தவளைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நாங்களும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். அப்போதுதான் தெரிந்தது. மூக்கு நுனியிலிருந்து தாடை வரைக்கும் அத்தனை பேருக்கும் சிவப்பு. பச்சைக்கறியைத் தின்றுவிட்டு வாயைத் துடைக்காமல் வந்து நிற்கிற மாதிரி. கட்டிலில் இருந்த ஒரு பெரியவர் இருமலையும் மறந்து சிரித்துவிட்டார்.

யார் கொண்டுவந்தது என்று மேனேஜர் கேட்டார். நான்தான் என்றேன். வேறு என்ன சொல்வது? என் முகம்தான் எல்லோரையும்விடச் சிவந்திருந்தது.

தனி அறைக்குக் கூப்பிட்டார். நோயாளிகளிடம் பீதியைக் கிளப்பினேன் என்று ஒப்புக்கொண்டு, இனி மாஸ்க் கட்ட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு வேலை கிடையாது. ஹாஸ்டல் அறை அவர்களுடையது. வேலை போனால் அறை போகும், அறை போனால் திண்டுக்கல் ரயில்தான். அங்கே வந்து இறங்கிய மறுநாளே அம்மா மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவாள். அதன் பிறகு யாரும் என்னை எங்கும் விட மாட்டீர்கள்.

சோப்புப் போட்டுத் தோல் எரிகிற வரைக்கும் தேய்த்தேன், போகவில்லை. உள்ளே பழைய வெள்ளைத் துணி வையுங்கள் என்று அவ்வளவு தெளிவாக எழுதினேனே! தெரியாமல்தான் இப்படிச் செய்தீர்களா? இல்லை, உங்கள் தம்பிக்காகப் பழி தீர்த்துக்கொண்டீர்களா? நீங்கள் சொன்ன மூட்டைமுடிச்சு பலிக்கப்போகிறது. சந்தோஷமா?

சத்யபிரியா


சின்னாளபட்டி
28-8-2009

சத்யபிரியா,

பழியாம் பழி. பழி தீர்க்க நினைக்கிறவள் நாற்பது துண்டுக்கும் மஞ்சள் குழைத்துத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளா?

சின்னாளபட்டியில் பிறந்து வளர்ந்தவள் நீ. புதுச் சுங்குடியைக் கல்லுப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு அலசாமல் யாராவது உடுத்துவார்களா? நனைக்க வேண்டியது உடுத்தப்போகிறவள். கொடுக்கிறவள் நனைத்துக் கொடுத்தால் அது பழந்துணி. இதுகூடவா இரண்டு வருடத்தில் மறந்துபோகும்? பிரித்த கையோடு மூக்கில் கட்டியது நீ, ஏச்சு எனக்கு.

இதோடு முடித்துக் கவரை ஒட்டியிருப்பேன். மனசு கேட்கவில்லை. மீந்திருந்த ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க மிஷினில் உட்கார்ந்தேன். திண்டுக்கல்லுக்கு நூல்கண்டு வாங்கப் போனதும் அதோடுதான். கண்டக்டர், "ஏக்கா, வாயைக் கட்டிக்கிட்டு ஏறுனா எங்க போகணும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். "திண்டுக்கல்லு பஸ்ஸுல ஏறிட்டு பம்பாய்க்கா டிக்கெட் கேப்பேன்?" என்றேன். பஸ்ஸே சிரித்தது. எனக்குப் பக்கத்து இருக்கையில் மட்டும் கடைசி வரைக்கும் யாரும் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்து அவிழ்த்தேன். உன் அம்மா, "அடியே, வெத்தலையை இம்புட்டுமா அப்பிக்கிட்டு வருவ?" என்றார். கண்ணாடியைப் பார்த்தேன். அந்த மேனேஜருக்கு முன்னால் இந்த முகத்தோடு நீ எப்படி நின்றிருப்பாய் என்று அப்போதுதான் உறைத்தது. உப்பில் அலசிவிட்டுக் கட்டு என்று ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். போடவில்லை. உன் மேல் இருந்த ஆத்திரத்தில் அளந்து அளந்து எழுதினேன், வேண்டியதை விட்டுவிட்டேன்.

காரணம் கேட்காதே என்று எழுதினேன் இல்லையா, இப்போது சொல்கிறேன். பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து வாயை மூடி யாருக்குக் கட்டுவார்கள்? என் அப்பா இறந்தபோது தாடை தொங்கிவிடாமல் கட்ட வேட்டியைக் கிழித்துக் கொடுத்தவள் நான். அந்தக் கிழிகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதே மாதிரி கிழித்து, உயிரோடு இருக்கிற உன் வாய்க்கும் அந்தப் பிள்ளைத்தாய்ச்சி வாய்க்கும் அனுப்பு என்கிறாய். கத்தரியை எடுத்தேன், முடியவில்லை. அதனால்தான் சிவப்பு, அதனால்தான் புதுசு, அதனால்தான் மஞ்சள். உனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று நினைத்தேன். போதுமா?

என் தம்பியைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். துணி யாருக்கு என்று சொல்லித்தான் அவனிடம் கேட்டேன். "நல்லதாப் பாத்து எடுத்துக்கக்கா. என்னைய வேணாம்னு சொன்னதுக்கு அவ மூச்சு விடக் கூடாதுன்னா இருக்கு?" என்றான். அவனுக்கு ஒட்டன்சத்திரத்தில் பெண் பேசியாகிவிட்டது. பெண் பள்ளிக்கூடத்தில் டீச்சர். "கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போவனுங்க" என்று பார்க்கப்போன அன்றே சொல்லியிருக்கிறாள். சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். உன்னால் அவன் கற்றுக்கொண்டான் போல.

உன் வேலைக்கு ஆபத்து என்று அண்ணன் உன் அம்மாவிடம் உளறிவிட்டார். உன் ஜாதகம் டிரங்குப் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டது. எழுதிக் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சாயத்துக்குத் தேங்காய் எண்ணெயைத் தடவி ஊறவிட்டுத் துடை.

மகேஸ்வரி


புனே
4-9-2009

மதினி,

தேங்காய் எண்ணெய்க்கு வேலை இல்லாமல் போய்விட்டது. சொல்கிறேன்.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கண்டித்த மறுநாள் காலை, கடைசித் தடவையாக டியூட்டிக்குப் போவது போல உள்ளே நுழைந்தேன். கமர்ஜஹான் வாசலிலேயே மாஸ்க்கோடு நிற்கிறாள். மேனேஜர் வருவார், அவிழ் என்றேன். "எதுக்கு அவிழ்க்கணும்? மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியாச்சு, இனி எதை மறைக்கிறது?" என்று கேட்டாள். உள்ளே போனால் எல்லோரும் கட்டியிருக்கிறார்கள். உங்கள் மாஸ்க் கிடைக்காத இரண்டு பேர் சிவப்புத் துப்பட்டாவை மடித்துக் கட்டியிருந்தார்கள்.

மேனேஜர் வந்தார். நாங்கள் யாரும் வரிசையில் நிற்கவில்லை, அவரவர் வேலையைப் பார்த்தோம். அவர் கத்த ஆரம்பித்தார். அப்போது அந்தச் சிரித்த பெரியவரின் மகள் குறுக்கே வந்து, இந்தச் சிவப்பு மாஸ்க் எந்தக் கவுன்டரில் தருகிறீர்கள், எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டாள். அடுத்த கட்டிலில் இருந்தும் கேட்டார்கள். பயந்து ஓடிவிடுவார்கள் என்று அவர் சொன்ன ஆட்கள் அவரையே மாஸ்க் கேட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அதே வாரம் எங்கள் வார்டில் படுத்திருந்த ஒருவருக்கு அந்தக் காய்ச்சல்தான் என்று தெரிந்து மேல்மாடிக்குக் கொண்டுபோனார்கள். அவர் கட்டிலைச் சுற்றித் துடைத்தவள் கமர்ஜஹான். பரிசோதித்துப் பார்த்தார்கள், அவளுக்கு ஒன்றும் இல்லை. மாஸ்க்கால் தப்பித்தாளா, அதிர்ஷ்டத்தால் தப்பித்தாளா என்று எனக்குத் தெரியாது. அவள் மஞ்சளால் என்கிறாள்.

இப்போது பொது வார்டுக்கும் மாஸ்க் கொடுக்கிறார்கள், கொஞ்சம் கொஞ்சமாக. உங்களுடையதையும் நாங்கள் விடவில்லை. கல்லுப்பில் அலசிக் கட்டுகிறோம். ஹாஸ்டல் மொட்டைமாடிக் கொடியில் வரிசையாகச் சிவப்பு காய்கிறது.

ஆனால் என்னை அவர் விடவில்லை. எல்லோரையும் நீக்க முடியாது என்பதால் என்னை மட்டும் மேல்மாடி வார்டுக்கு மாற்றிவிட்டார். யாரும் போக விரும்பாத வார்டு. "மாஸ்க் கேட்டாயே, அங்கே போனால் நல்லதாகவே தருவார்கள்" என்றார். போகாவிட்டால் நானாக வேலையை விட்டதாகக் கணக்கு. போகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். தலையை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அழுதேன். பயமாக இருக்கிறது மதினி. மூச்சுக்குத் தவிக்கிறவர்களை மேலே கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன். என் வயதுப் பிள்ளைகள்கூட உண்டு. இதை அம்மாவிடம் சொல்ல முடியாது. அண்ணனிடம் பாதி சொன்னதற்கே, என்னை அழைத்துப் போக டிக்கெட் எடுத்துவிட்டார், அடுத்த வாரம் கிளம்புகிறாராம். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை. அவர் வந்து நின்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய்விடுவேனோ என்று இருக்கிறது. போனால் திரும்பி வர மாட்டேன், அது நிச்சயம்.

நான் என்ன செய்யட்டும்? நீங்கள் சொல்வதைத்தான் செய்வேன் என்று இல்லை. ஆனாலும் உங்களிடம் கேட்க வேண்டும் போல் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும். உங்களிடம் சொல்லாமல் போனதற்கு மன்னித்துவிடுங்கள். போனதற்கு இல்லை, சொல்லாததற்கு மட்டும்.

சத்யா


சின்னாளபட்டி
10-9-2009

சத்யாவுக்கு,

உன் அண்ணன் வரவில்லை. டிக்கெட்டை நேற்று கேன்சல் செய்ய வைத்துவிட்டேன்.

சுலபமாக நடக்கவில்லை. உன் கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை, நீங்கள் போக வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். உன் அண்ணன் என்னிடம் குரல் உயர்த்தி நீ பார்த்ததில்லை, நேற்று உயர்த்தினார். "அவ உசுருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?" என்றார். "இங்க கூட்டியாந்தா உசுரு இருக்கும், சத்யா இருக்க மாட்டா" என்றேன். அத்தை, "ரெண்டு வருசமா அவ பேரைச் சொன்னாலே மூஞ்சியத் திருப்புனவ, இன்னைக்கு என்னடி அம்புட்டு அக்கறை?" என்று கேட்டார். "எனக்கு அக்கறையெல்லாம் இல்லத்த. நீங்க மாப்ள பாப்பீங்க, அவ மறுபடி ரயிலேறுவா, பொண்ணக் காணோம்னு சொல்ல என்னையத்தான் அனுப்புவீங்க. ஒருக்காப் போயிட்டேன், இன்னொருக்கா என்னால ஆகாது" என்றேன். உன் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகுதான் டிக்கெட்டை என் கையில் கொடுத்தார். ஜாதகத்தை நானே டிரங்குப் பெட்டியில் அடியில் வைத்து மேலே நான்கு போர்வையைப் போட்டிருக்கிறேன்.

பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்கும் பயம்தான். உன் கடிதம் வந்ததிலிருந்து நான் தைக்கிற ஜாக்கெட்டில் ஒரு கை முன்னே, ஒரு கை பின்னே போகிறது. பயந்தவள் போகக் கூடாது என்று யார் சொன்னது? பயத்தோடு போ. ஆனால் ஒன்று. மேல்மாடியில் முறையான மாஸ்க் கொடுக்காமல் உள்ளே அனுப்பினால் போகாதே, வாசலிலேயே நில். அதைக் கேட்டுச் சண்டை போடு. வாய் உனக்கு இருக்கிறது, அதை மூடிக்கொள்ளத்தான் துணி இல்லாமல் இருந்தது. கொடுத்தால் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போ. அந்த ஆள் உன்னைத் தண்டிக்க அனுப்புகிறார், நீ வேலை பார்க்கப் போகிறாய்.

கீழே இருக்கிறவர்களுக்காக இன்னொரு பார்சல் அனுப்புகிறேன். இந்தத் தடவை நீ கேட்டபடி உள்ளே வெள்ளை. பழைய வேட்டி இல்லை, புதுத்துணி வாங்கிக் கத்தரியால் வெட்டினேன், கிழிக்கவில்லை. வெள்ளையின் ஓரத்திலும் மஞ்சள் தடவியாகிவிட்டது. மஞ்சள் பட்ட வெள்ளை சாவுக்கு ஆகாது. யார் போட்ட சட்டம் என்று கேட்காதே, நான் போட்டது. வெளியே அதே அரக்குச் சிவப்பு. என் தம்பியே பட்டறையில் உப்புத் தண்ணீரில் போட்டு அலசிக் கொடுத்தான், நனைத்துக் கொடுக்கக் கூடாது என்கிற வழக்கத்தை உனக்காக மீறியிருக்கிறோம். கமர்ஜஹானுக்குக் கண்ணாடி வளையல் வைத்திருக்கிறேன். உடையாமல் வந்து சேர்ந்தால் நீயே போட்டுவிடு. அவள் வீட்டு வழக்கத்தில் உண்டோ இல்லையோ, வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளை வளையல் சத்தத்தைக் கேட்கட்டும்.

தனியாக ஒரு பொட்டலம் இருக்கும், செய்தித்தாளில் சுற்றியது. அது உங்கள் மேனேஜருக்கு. மூன்று மடிப்பும் அரக்குச் சிவப்பு, ஒரு சொட்டுத் தண்ணீர் படாதது. மரியாதையாக இரண்டு கையாலும் கொடு. உப்பைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே.

போன் செய்யாதே. பாதிக் கோபம் இன்னும் மிச்சம் இருக்கிறது. மேல்மாடியில் எப்படி இருக்கிறாய் என்று வாரம் ஒரு கடிதம் எனக்கு வந்தாக வேண்டும். ஒரு வாரம் வராவிட்டால் உன் அண்ணன் இல்லை, நானே ரயிலேறி வந்துவிடுவேன்.

என் தம்பி கல்யாணம் தை மாதம். அதற்கு வா. பந்தலில் முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார், யார் என்ன பேசுகிறார்கள் என்று நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் மூட்டைமுடிச்சோடு வந்தாயானால் வாசல்படி ஏற விட மாட்டேன். ஒரு கைப்பை, கட்டிக்கொள்ள ஒரு நல்ல சேலை, புனேவுக்குத் திரும்பிப் போகிற டிக்கெட். அந்த டிக்கெட்டை என் கையில் காட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

உன் மதினி
மகேஸ்வரி